தலைக்கட்டு வரி நோட்டுல அம்மா பேரு: கோயில்ல பொம்பளைங்களுக்கு தலைமை இருக்கா இல்லையா

18 ஜூலை 2025 – வாசகர் ஒருத்தர் கேட்டது

நம்ம மதத்துல தான் தெய்வமே பெண்ணா இருக்கு. மீனாட்சி, காமாட்சி, துர்கை, மாரியம்மன். கார்கி சபையில வாதம் பண்ணிருக்காங்க, ஆண்டாள் ஆழ்வாராவே ஆயிட்டாங்க. இவ்வளவு இருந்தும் இந்து மரபுல பெண்களுக்கு தலைமை இல்லைனு பேசிக்கிட்டே இருக்காங்களே, இது வெளியில இருந்து கிளப்பி விட்ட கதை தானே? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

18 ஜூலை, ராத்திரி

முதல்ல கார்கி. எல்லாரும் பாதியோட நிறுத்திருவாங்க. பிருகதாரண்யக உபநிஷத்துல ஜனகர் சபையில அவங்க யாக்ஞவல்கியர்கிட்ட இது எதுல கோத்திருக்கு, அது எதுல கோத்திருக்குனு ஒண்ணு மேல ஒண்ணா கேட்டுக்கிட்டே போவாங்க, ஒரு கட்டத்துல அவர் இதுக்கு மேல கேட்டா உன் தலை விழுந்துரும்னு சொல்லுவாரு, கார்கியும் உட்கார்ந்துருவாங்க. நம்ம மேடைப் பேச்சாளர் யாரும் இந்த தலை விழுற இடத்தை சொல்றதில்ல.

ஆனா எதிர்க்கட்சிக்காரங்களும் அங்கயே நிறுத்திருறாங்க. கார்கி மறுபடி எந்திரிச்சு இன்னும் ரெண்டு கேள்வி கேட்டு, பதில் வாங்கிட்டு, சபையைப் பாத்து "உங்கள்ல யாராலயும் இவரை ஜெயிக்க முடியாது, கும்பிட்டுட்டு போங்க"னு அவங்களே தீர்ப்பு சொல்லுவாங்க. அடக்கப் பாத்தவரோட வெற்றியை அறிவிச்சதும் அவங்க வாய் தான். இதை இருக்குங்கிறதா இல்லைங்கிறதா, எனக்கு பிடிபடல.

19 ஜூலை

ராத்திரி தூக்கம் வரல, அதனால இன்னொண்ணு. தெய்வம் பெண்ணா இருக்குறதுக்கும் கோயில்ல பொம்பளைக்கு சொல்லு இருக்குறதுக்கும் என்ன சம்பந்தம்னு எங்க ஊரை வச்சு சொல்றேன். தென் மாவட்டம், சின்ன ஊரு, அம்மன் கோயில். ஆடியில கொடை, அதாவது கோயில் திருவிழா. கொடைக்கு தலைக்கட்டு வரி. தலைக்கட்டுனா கல்யாணம் ஆன ஆம்பளை ஒரு தலைக்கட்டு, அவ்வளவு தான். புருஷன் செத்த வீட்டுக்கு, மகனும் தனி தலைக்கட்டா இல்லைனா, வரி கிடையாது. சலுகை. கேக்க நல்லா தான் இருக்கும், பாவம் அந்தம்மா எப்படி குடுக்கும்னு.

ஆனா ஊர்க்கூட்டத்துல பேசுறது யாரு? வரிக்காரங்க. வில்லுப்பாட்டுக்கு யாரைக் கூப்பிடணும், பந்தல் யாருக்கு, போன வருஷ கணக்குல இடிக்குதே, இதெல்லாம் வரி நோட்டுல பேர் இருக்கவங்க தான் கேக்கலாம். அப்பா போனப்புறம் எங்க வீடு நோட்டுல இருந்து போயிருச்சு. நாங்க ரெண்டும் பொண்ணுங்க. அந்த அம்மனுக்கு முளைப்பாரி எடுக்குறதுல இருந்து மாவிளக்கு வரைக்கும் எங்கம்மா தான் முன்னாடி நிப்பாங்க, நோட்டுல ஆள் இல்ல.

19 ஜூலை, சாயங்காலம்

"அறுபத்து மூணு நாயன்மார்ல எத்தனையோ பெண்கள்"னு யாரோ எழுதிருக்காங்க. எத்தனையோ இல்லங்க, மூணு. காரைக்கால் அம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார். பன்னிரண்டு ஆழ்வார்ல ஒண்ணு. இசைஞானியாரை சுந்தரரைப் பெத்தவங்கனு தான் பெரும்பாலும் சொல்றோம். மங்கையர்க்கரசியார் வேற ரகம், பாண்டியன் சமணத்துல இருக்கப்பவே சம்பந்தரை மதுரைக்கு வரவழைச்ச ஆளு. ராஜாவுக்கு எதிரா அரண்மனைக்குள்ள இருந்தே காய் நகர்த்துறதுனா சும்மாவா.

ஆண்டாள் பாடினது மொத்தம் 143 பாட்டு. அதுல நாச்சியார் திருமொழிக் காதல் பாட்டை எல்லாம் ஆம்பளை பாடியிருந்தா இவ்வளவு கூச்சப்பட்டு மேடையில தவிர்ப்பாங்களானு எனக்கு சந்தேகம் உண்டு. மார்கழியில காலங்காத்தால திருப்பாவையை மைக்ல போடுவாங்க, நாச்சியார் திருமொழியை முழுசா போட்டு நான் கேட்டதே இல்ல.

20 ஜூலை

திருத்தம். 143 நாச்சியார் திருமொழி மட்டும். திருப்பாவை 30ம் சேத்தா 173. சுட்டிக்காட்டினவருக்கு, சரி தான்.

23 ஜூலை

நேத்து ஆடி முதல் செவ்வாய். இங்க சென்னையில நாங்க நாலு பேரு சேந்து செவ்வாய் பிள்ளையார் கும்பிட்டோம். தெரியாதவங்களுக்கு: ஔவையார் நோன்புனும் சொல்லுவாங்க. அசந்தா ஆடி, தப்பினா தை, மறந்தா மாசினு சொலவடை. ராத்திரி ஆம்பளைங்க எல்லாம் படுத்தப்புறம் பொம்பளைங்க மட்டும் ஒரு வீட்டுல கூடி, பச்சரிசி இடிச்சு உப்பில்லாம கொழுக்கட்டை பண்ணி, கதை சொல்லி, கும்பிட்டு, விடியுறதுக்குள்ள சாப்பிட்டு முடிச்சிரணும். ஆம்பளைப் புள்ளை கைக்குழந்தையா இருந்தாக்கூட பாக்கக் கூடாது. பூசாரி கிடையாது. மந்திரம் கிடையாது. யார்கிட்டயும் அனுமதி கிடையாது.

எங்க ஊர்ல கதை சொன்னது எங்க ஆச்சி. முப்பது வயசுல தாலி அறுத்தவங்க. கல்யாண வீட்டுல பின்கட்டுல நிக்கிற ஆளு, அந்த ஒரு ராத்திரி நடு வீட்டுல கால் நீட்டி உட்கார்ந்திருப்பாங்க, இருபது பொம்பளைங்க சுத்தி. கதைக்கு நடுவுல யாராவது கொட்டாவி விட்டா "ஏட்டி, தூக்கம் வந்தா உன் வீட்டுக்குப் போ"ம்பாங்க. வீட்டுக்காரியையே அப்படி சொன்னாங்க ஒரு தடவை, அவ எங்க போவா.

தலைமைனு தேடுறவங்க கோபுரத்தையே பாக்குறாங்க, அடுப்படியைப் பாக்குறதில்லங்கிறது என் கட்சி.

24 ஜூலை

ஆம்பளைங்க மூணு பேரு அந்தக் கதை என்னனு கேட்டிருக்கீங்க. சொல்ல மாட்டேன். கொழுக்கட்டை செய்முறை கேட்டவருக்கும் அதே பதில், உப்பு இல்லைங்கிறதே உங்களுக்கு ஜாஸ்தி.

26 ஜூலை

ஆச்சி பத்தி எழுதினதுல கொஞ்சம் பின்வாங்கணும். அத்தைக்கு போன் போட்டு பெருமையா சொன்னேன், உங்கம்மாவைப் பத்தி எழுதிருக்கேன்னு. அத்தை கேட்டுட்டு "கதை சொன்னது அம்மா தான். ஆனா விளக்கு ஏத்துனது யாருன்னு ஞாபகம் இருக்கா?"ன்னாங்க. யோசிச்சுப் பாத்தா, ஆச்சி ஏத்தல. மேலத்தெரு பெரியம்மா ஒருத்தங்க, சுமங்கலி, அவங்க வந்து ஏத்தினப்புறம் தான் ஆச்சி ஆரம்பிப்பாங்க. அவங்க வர லேட்டானா ஆச்சி இருட்டுல உட்கார்ந்து காத்துக்கிட்டு இருப்பாங்க. அந்த இருட்டும் ஞாபகம் இருக்கு, ஏன்னு தான் அப்போ தெரியல. கரண்ட் சிக்கனம்னு நினைச்சிருக்கேன்.

ஆம்பளை இல்லாத இடத்துலயும் அந்தக் கோடு இருந்திருக்கு. போட்டது யாருனு கேட்டா எல்லாரும் இன்னொருத்தரைக் கை காட்டுவாங்க.

28 ஜூலை

இன்னைக்கு ஆடிப்பூரம், ஸ்ரீவில்லிபுத்தூர்ல தேர். டிவியில பாத்துக்கிட்டே டைப் பண்றேன்.

அந்த சுமங்கலி விஷயத்துல இருந்து மீனாட்சிக்குப் போகலாம். சித்திரைத் திருவிழா எட்டாம் நாள் பட்டாபிஷேகம், வேப்பம்பூ மாலை, செங்கோல். சித்திரையில இருந்து ஆவணி வரைக்கும் நாலு மாசம் மதுரை அம்மா ஆட்சி, அப்புறம் சொக்கர். அந்த செங்கோலை அம்மன் சார்பா கோயில் தக்காரோ அறங்காவலர் குழுத் தலைவரோ வாங்கிக்குவாங்க. 2024ல அறங்காவலர் குழுத் தலைவரா இருந்தது ஒரு அம்மா. அவங்க விதவை, அதனால செங்கோலை அவங்க கையில குடுக்கக் கூடாதுனு ஒருத்தர் ஹைகோர்ட் மதுரை கிளையில கேஸ் போட்டாரு. கோர்ட் தள்ளிருச்சு. ஆனா பாருங்க, நாட்டை ஆள்றது ஒரு பொண்ணு, அதைக் கும்பிடுறதுல அவருக்கு ஒரு பிரச்சினையும் இல்ல, குச்சியை வாங்குற கையில வளையல் இருக்கானு தான் பாக்குறாரு. முதல் கேள்வி கேட்டவருக்கு என் பதில் இது தான்னு வச்சுக்கலாம்.

29 ஜூலை

"மேல்மருவத்தூர் மறந்துட்டீங்க"னு ரெண்டு பேர். மறக்கல. சித்தி கூட செவ்வாடை கட்டிக்கிட்டு போயிருக்கேன், எனக்கு பதினஞ்சு வயசு. கருவறைக்குள்ள பொம்பளைங்க போயி அவங்க கையாலயே அபிஷேகம் பண்றாங்க, மாசத்துல எந்த நாளுனு யாரும் கேக்கல. எனக்கு அன்னைக்கு மூணாவது நாள். வீட்டுல தனித் தட்டு, தனிப் பாய், இங்க கருவறை. சித்தி "என்னட்டி முழிக்க, போ உள்ள"ன்னு தள்ளிவிட்டாங்க. கை நடுங்குச்சு. பாலைப் பாதி என் மேலயே ஊத்திக்கிட்டேன். வீட்டுக்கு வந்தப்புறம் மறுபடி தனித் தட்டு தான்.

1 ஆகஸ்ட்

கொஞ்சம் பழசுக்குப் போறேன். ராஜராஜன் தஞ்சாவூர் பெரிய கோயில்ல வெட்டச் சொன்னது என்னனா, நாம் குடுத்தது, அக்கன் குடுத்தது, நம் பெண்டுகள் குடுத்தது, மத்தவங்க குடுத்தது, எல்லாத்தையும் ஸ்ரீவிமானத்துல கல்லுல வெட்டுங்கனு. அக்கன்னா குந்தவை. தனக்கு அடுத்து அக்காவைத் தான் சொல்றாரு. கோயிலுக்கு ஆட வந்த தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரையும் பேரு, எந்த ஊரு, தெருவுல எத்தனாவது வீடுனு வெட்டிருக்கு, ஆளுக்கு ஒரு வீடு, வருஷம் நூறு கலம் நெல்லு. அவங்க வாழ்க்கை எப்படி இருந்துச்சு, விரும்பி வந்தாங்களா கொண்டு வந்தாங்களாங்கிறது தனி சண்டை, அதை இங்க இழுக்க வேணாம். ஆனா பேரு இருக்கு. ஆயிரம் வருஷம் கழிச்சு நின்னு வாசிக்கலாம்.

செம்பியன் மாதேவி அதுக்கும் முன்னாடி. புருஷன் கண்டராதித்தர் போனப்புறம் செங்கல் கோயிலை எல்லாம் கல்லாக்குன ஆளு. கோனேரிராஜபுரத்துல போய்ப் பாருங்க. அந்தம்மாவும் விதவை தான். செங்கோல் கேஸ் போட்டவர் அப்போ இருந்திருந்தா பாதி சோழநாட்டுக் கோயிலை வேணாம்னிருக்கணும்.

1 ஆகஸ்ட், இன்னும் கொஞ்சம்

ராணிங்கனா காசு இருந்துச்சு, செஞ்சாங்கனு பதில் வந்திருக்கு. நியாயம் தான். அப்போ காசு இருந்தா சொல்லு இருக்குமா? பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாளை எடுத்துக்கோங்க. திருவையாத்துல தியாகராஜர் சமாதி கவனிப்பாரில்லாம கிடந்ததுனு தன்னோட சொந்தக் காசைப் போட்டு இடத்தை வாங்கி கோயில் கட்டினாங்க, 1920கள்ல குடமுழுக்கு. அங்க வருஷா வருஷம் நடக்குற ஆராதனை இசை விழாவுல பொம்பளை பாடக் கூடாதுன்னுட்டாங்க. கட்டினவங்களுக்கே பாட இடம் இல்ல. அந்தம்மா அழுதுக்கிட்டு போகல, பொம்பளைங்களைச் சேத்துக்கிட்டு தனி ஆராதனையே நடத்தினாங்க, 1940கள் தொடக்கத்துல தான் எல்லாம் ஒண்ணாச்சு. 1952ல போயிட்டாங்க. இப்பவும் அங்க தியாகராஜரைப் பாத்தாப்ல சிலையா உட்கார்ந்திருக்காங்க.

காசு குடுத்தாலும் சொல்லு தானா வர்றதில்ல, கேட்டு வாங்கணும்.

7 ஆகஸ்ட்

ஊருக்குப் போய் கொடை பாத்துட்டு வந்தாச்சு. மேல நான் எழுதினதை எல்லாம் அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினது தப்பாப் போச்சு. சரியாப் போச்சுனும் சொல்லலாம்.

ஆவணியில கும்பாபிஷேகம், அதுக்கு தலைக்கட்டுக்கு ஐயாயிரம் சிறப்பு வரி. கொடை முடிஞ்ச மறுநாள் காலையில கோயில் வாசல்ல வரி நோட்டோட சித்தப்பா உட்கார்ந்திருக்காரு, எங்கப்பாவுக்கு ஒன்னு விட்ட தம்பி. அம்மா நேரா போய் முந்தியில இருந்து ஐயாயிரத்தை எடுத்து வச்சாங்க. பத்து ஐநூறு ரூவா நோட்டு, ரப்பர் பேண்ட் போட்டது. அவர் பதறிட்டாரு. "மைனி, உங்களுக்கு வரி கிடையாதுல்லா. இஷ்டப்பட்டதை உண்டியல்ல போட்டுட்டு சாமியைக் கும்பிட்டுட்டுப் போங்க."

"கும்பிட்டுட்டுப் போறதுக்கு நான் என்ன விருந்தாளியா? நோட்டுல எழுதும்"னாங்க.

சுத்தி நின்ன ஆம்பளைங்க யாரும் எதுக்கல, அது தான் ஆச்சரியம். எதுக்கவும் இல்ல ஆதரிக்கவும் இல்ல, எல்லாரும் வேட்டி மடிச்சுக் கட்டுற மாதிரியே கொஞ்ச நேரம் பாவனை பண்ணாங்க. சித்தப்பா ரொம்ப யோசிச்சுட்டு எழுதினாரு. எட்டிப் பாத்தா எங்கப்பா பேரு. செத்து ஒன்பது வருஷம் ஆன மனுஷன் ஐயாயிரம் வரி கட்டிருக்காரு.

8 ஆகஸ்ட்

அப்புறம் என்னாச்சுனு நிறைய பேர் கேக்குறீங்க. அம்மா நோட்டைத் திருப்பி வச்சு "அவுக வந்து குடுத்தாகளா?"னு கேட்டாங்க. அடிச்சுட்டு, இன்னார் மனைவினு எழுதினாரு. அதையும் அம்மா ஒத்துக்கல. மூணாவது தடவை தான் அம்மா பேரு வந்துச்சு, அந்த வரியில அடிச்சு அடிச்சு இடமே இல்லாம ஓரத்துல, பொடி எழுத்துல. ரசீது கேட்டு வாங்கிக்கிட்டாங்க. அதை பிளாஸ்டிக் கவர்ல போட்டு ரேஷன் கார்டு கூட வச்சிருக்காங்க.

நான் பக்கத்துல நின்னேன். வாயே திறக்கல. இங்க இவ்வளவு எழுதுறேன்ல, அங்க ஒரு வார்த்தை வரல. சித்தப்பா மனசு கோணிருமோனு தான் நின்னேன்.

11 ஆகஸ்ட்

சட்டம் என்ன சொல்லுதுனு கேட்டவருக்கு. அறநிலையத்துறை கோயில்னா 1959 சட்டத்துப்படி பரம்பரை அல்லாத அறங்காவலர் குழுவுல ஒருத்தர் பெண்ணா இருக்கணும், ஒருத்தர் தாழ்த்தப்பட்டவங்க அல்லது பழங்குடியா இருக்கணும். எங்க ஊரு மாதிரி வரி போட்டு நடத்துற கோயில்ல நோட்டு தான் சட்டம்.

குழுவுல பேர் இருந்தா முடிஞ்சுதா? மாமியார் வழியில ஒரு அக்கா ஒரு கோயில்ல அறங்காவலரா இருக்காங்க, முதல் வருஷம் முழுக்க மீட்டிங்க்கு போனது அவங்க வீட்டுக்காரர், அக்கா கையெழுத்து மட்டும் வீட்டுல இருந்தே. ஒரு நாள் அவருக்குக் கால்ல சுளுக்கு, வேற வழியில்லாம இவங்க போனாங்க, போன அன்னைக்கே தேங்காய் பழக் கடை ஏலம் எவ்வளவுக்குப் போச்சுனு கேட்டிருக்காங்க. அப்புறம் சுளுக்கு சரியானப்புறமும் அவங்களே போறாங்க. சுளுக்குக்கு நன்றி.

அர்ச்சனை, ஓதுவார் (கோயில்ல தேவாரம் பாடுறவங்க) விஷயம் மெதுவா நகருது. மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயில்ல 2021ல ஒரு பொண்ணு ஓதுவாரா வந்தாங்க. 2023ல மூணு பொண்ணுங்க அர்ச்சகர் பயிற்சி முடிச்சாங்க. கிராமத்துல இது அதுக்கும் முன்னாடியே வந்தாச்சு, உசிலம்பட்டி பக்கம் அம்மன் கோயில்ல அப்பாவுக்கு அப்புறம் மகள் பூசை பண்ணினதை ஊர்ல சிலர் எதுத்தப்போ 2008ல ஹைகோர்ட்ல நீதிபதி சந்துரு அந்தம்மா பக்கம் தான் தீர்ப்பு சொன்னாரு.

கேரளாவுல மண்ணாறசாலை நாகராஜா கோயில்ல அந்த இல்லத்து மூத்த பெண்மணி தான் பெரிய பூசாரி, அங்க அது தான் மரபு. அதனால "மரபு இடம் குடுக்காது"னு பேசுறவங்க எந்த ஊரு மரபுன்னு சேத்து சொல்லுங்க.

14 செப்டம்பர்

கும்பாபிஷேகம் ஆச்சு. நல்ல கூட்டம். வரி குடுத்தவங்க பேரு கருங்கல்லு பலகையில வெட்டி மண்டபத்துல பதிச்சிருக்காங்க. ஆம்பளைங்க பேரா வரிசை போகுது, கடைசிக்கு முந்தின வரியில எங்கம்மா.

அம்மா பேரு "தாய்"னு முடியும். "தய்"னு வெட்டி வச்சிருக்கான். காலைக் காணோம். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம், இதையாவது ஒழுங்கா பண்ணக் கூடாதா, நூத்துச் சொச்சம் பேர்ல இந்த ஒண்ணுல தான் தப்பு வரணுமானு சித்தப்பாகிட்ட கத்தினேன். போன தடவை வராத வார்த்தை எல்லாம் இந்தத் தடவை வந்துச்சு.

அம்மா விரலால அந்த எழுத்தைத் தடவிப் பாத்துட்டு சிரிச்சாங்க. "கத்தாத. காரைக்கால் அம்மை தலையால நடந்து தான கைலாசம் போனா, அவளுக்கே கால் தேவைப்படல"ன்னாங்க.

20 செப்டம்பர்

கொத்தனார் வந்து கால் வெட்டித் தரேன்னாராம். இடம் பத்தாது, பக்கத்து எழுத்து மேல ஏறும்ங்கிறாரு. ஏறட்டும்னுட்டாங்க அம்மா. இன்னும் வரல அவரு.